மாற்றுச் சிறுநீரகத்தை மீன் எண்ணெய் காக்குமா?

கேள்வி: எனக்கு வயது 41. தூத்துக்குடியில் வசிக்கிறேன். ஐ.ஜி.ஏ. நெஃப்ரோபதி என்ற நோயால் என் சிறுநீரகங்கள் செயலிழந்து, நான்கு ஆண்டுகளுக்கு முன் அம்மா கொடுத்த சிறுநீரகத்தைப் பொருத்தினார்கள். டாக்ரோலிமஸ், மைக்கோஃபெனலேட், பிரட்னிசோலோன் மூன்றையும் சாப்பிட்டு வருகிறேன். சிறுநீரகத்தின் திறனைக் காட்டும் கிரியேட்டினின் 1.3, இரத்த அழுத்தம் பெரும்பாலும் 138/86, ட்ரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு 260. சர்க்கரை நோய் இல்லை. வெளிநாட்டில் வேலை பார்க்கும் தம்பி இரண்டு புட்டி மாத்திரைகள் அனுப்பியிருக்கிறான். ஒன்றில் மீன் எண்ணெய் 1000 மில்லிகிராம் என்றும், மற்றொன்றில் காட் லிவர் ஆயில் என்றும் போட்டிருக்கிறது. தொடர்ந்து சாப்பிட்டால் சிறுநீரகம் இன்னும் பல ஆண்டுகள் தாங்கும் என்றும், உடல் அதை ஏற்க மறுக்கும் நிராகரிப்பு வராது என்றும், நாளடைவில் டாக்ரோலிமஸைக் குறைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறான். இது உண்மையா? மாத்திரைக்குப் பதிலாக மீனே சாப்பிட்டால் போதாதா? சிறுநீரகம் கொடுத்த அம்மாவும் (வயது 66) இதைச் சாப்பிடலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளில் ஒன்றுக்கு மட்டும் தாமதமின்றி விடை சொல்லிவிட வேண்டும். மீன் எண்ணெயை நம்பி டாக்ரோலிமஸின் அளவை ஒரு வேளைகூடக் குறைக்க வேண்டாம். மீன் எண்ணெய், நீங்கள் சாப்பிடும் மூன்று மருந்துகளைப் போல உடலின் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து அன்று. அந்த மருந்துகளின் வேலையில் ஒரு பங்கைக்கூட அது ஏற்றுக்கொள்ளும் என்று எந்த ஆய்வும் காட்டவில்லை. தம்பி அன்பினால் அனுப்பியிருக்கிறார் என்பதும், அவர் சொன்னதற்குப் பின்னால் ஒரு பழைய ஆய்வின் நிழல் இருக்கிறது என்பதும் எனக்குப் புரிகிறது. அந்த ஆய்வு எதைக் கண்டது, பின்னால் வந்தவை அதை எங்கே கொண்டுபோய் நிறுத்தின என்று தெரிந்துகொண்டால் மாத்திரையை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது உங்களுக்கே விளங்கும் என்பதால், அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நெதர்லாந்தின் க்ரோனிங்கன் நகர மருத்துவர்கள் 1993ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். புதிதாகச் சிறுநீரகம் பொருத்தப்பட்ட அறுபதுக்குச் சற்று மேற்பட்டவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு நாளொன்றுக்கு 6 கிராம் மீன் எண்ணெயும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மற்றக் குழுவுக்கு அதே அளவு தேங்காய் எண்ணெயும் மூன்று மாதங்களுக்குக் கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் மீன் எண்ணெய்க் குழுவினரின் சிறுநீரகம் கூடுதலாக வடிகட்டியது. இரத்த அழுத்தமும் குறைவாக இருந்தது. நிராகரிப்பு நிகழ்வுகள் அந்தக் குழுவில் 8, தேங்காய் எண்ணெய்க் குழுவில் 20. மீன் எண்ணெய் நிராகரிப்பைத் தடுக்கும் என்ற நம்பிக்கை பெருமளவுக்கு இங்கிருந்துதான் பரவியது.

அந்த முடிவுக்கு ஏற்ற உடலியல் விளக்கமும் அப்போது இருந்தது. அக்காலத்தில் எல்லோருக்கும் கொடுக்கப்பட்ட முதன்மை மருந்து சைக்ளோஸ்போரின். அது சிறுநீரகத்துக்குள் இரத்தத்தைக் கொண்டுசெல்லும் நுண்குழாய்களைச் சுருக்கக்கூடியது. அந்தச் சுருக்கத்தில் த்ராம்பாக்ஸேன் என்ற வேதிப்பொருளுக்குப் பங்கு உண்டு. ஒமேகா-6 வகையைச் சேர்ந்த அராக்கிடோனிக் அமிலத்திலிருந்து உடல் அதைத் தயாரிக்கிறது. மீன் எண்ணெயில் உள்ள இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற இரண்டு ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள் செல்களின் சவ்வுகளில் அராக்கிடோனிக் அமிலத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் த்ராம்பாக்ஸேன் குறைகிறது, நுண்குழாய்கள் சற்றுத் தளர்கின்றன, சிறுநீரகத்துக்கு இரத்தம் நன்றாகப் போகிறது. அழற்சியும் ஓரளவு தணிகிறது. இந்த விளக்கத்தில் இன்றும் பிழையில்லை.

ஆனால் பின்னர் வந்த ஆய்வுகள் அந்த முடிவை உறுதிசெய்யவில்லை. இதுபோன்ற பதினைந்து சிறு ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழுவினர் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, அவற்றில் பங்கேற்ற எல்லோரையும் கூட்டினாலும் ஆயிரம் பேர் தேறவில்லை. மீன் எண்ணெய் எடுத்தவர்களுக்கு நிராகரிப்பு குறைந்ததாகவோ, மாற்றுச் சிறுநீரகம் நீண்ட காலம் உழைத்ததாகவோ, அவர்கள் நீண்ட நாள் வாழ்ந்ததாகவோ அந்தத் தொகுப்பில் தெளிவான சான்று இல்லை. நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். சற்று உயர்ந்ததும், இரத்த அழுத்தத்தின் கீழ் எண் சற்று இறங்கியதும்தான் மிஞ்சின. காலமும் மாறிவிட்டது. க்ரோனிங்கன் ஆய்வு நடந்த நாட்களில் முதல் ஆண்டில் நிராகரிப்பு ஏற்படுவது சாதாரணம். இன்று டாக்ரோலிமஸும் மைக்கோஃபெனலேட்டும் சேர்ந்து அதை வெகுவாகக் குறைத்துவிட்டன. நீங்களோ முதல் ஆண்டைக் கடந்து நான்காம் ஆண்டில் இருக்கிறீர்கள். அந்த ஆய்வு அளந்த ஆபத்தும் இன்று உங்களுக்கு எஞ்சியிருக்கும் ஆபத்தும் வேறு வேறு.

அடுத்துச் சொல்ல வேண்டியது நார்வே நாட்டின் அனுபவம். நீண்டகாலப் பலனைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி அங்கிருந்து வந்தது. அந்நாட்டில் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சைகள் அனைத்தும் ஆஸ்லோ நகரின் ஒரே மருத்துவமனையில் நடப்பதால், நோயாளிகளைப் பல ஆண்டுகள் விடாமல் பின்தொடர முடிகிறது. மீனும் காட் லிவர் ஆயிலும் அவர்களுடைய அன்றாட உணவில் தலைமுறைகளாக இருந்து வருபவை. 1999 முதல் 2011 வரை அங்கே சிறுநீரகம் பெற்றவர்களில் ஏறத்தாழ 2,000 பேரின் இரத்தத்தில் கடல்சார் ஒமேகா-3 எவ்வளவு இருக்கிறது என்று அளந்து, அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். அளவு கூடுதலாக இருந்தவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது. நெதர்லாந்தில் சிறுநீரகம் பெற்றவர்களின் உணவைக் கேட்டறிந்து நடத்திய ஆய்விலும், மீன் வழியாக இ.பி.ஏ., டி.எச்.ஏ. கூடுதலாகக் கிடைத்தவர்களிடையே இதய நோயால் இறப்பது குறைந்திருந்தது.

இங்கேதான் நிதானம் வேண்டும். மீன் நிறையச் சாப்பிடுகிறவர்கள் மற்ற விஷயங்களிலும் வேறுபட்டவர்களாக இருக்கலாம்: புகைபிடிக்காதவர்களாக, நடப்பவர்களாக, பசி நன்றாக எடுக்கும் உடல்நிலை உள்ளவர்களாக, மாட்டிறைச்சிக்கும் பன்றி இறைச்சிக்கும் பதிலாக மீனைத் தேர்ந்தவர்களாக. இரத்தத்தில் ஒமேகா-3 கூடியிருப்பது நல்வாழ்வுக்குக் காரணமா, நல்வாழ்வின் அடையாளமா என்பதைப் பின்தொடர்ந்து பார்க்கும் ஆய்வால் மட்டும் பிரித்துச் சொல்ல முடியாது. இதை அறிந்திருந்த ஆஸ்லோ மருத்துவர்களே நேரடிச் சோதனையிலும் இறங்கினார்கள். புதிதாகச் சிறுநீரகம் பெற்ற 132 பேரில் ஒரு பாதிக்கு நாளொன்றுக்கு 2.6 கிராம் கடல்சார் ஒமேகா-3, மறு பாதிக்கு ஆலிவ் எண்ணெய் என்று 44 வாரங்கள் கொடுத்தார்கள். 2019இல் வெளியான முடிவின்படி ட்ரைகிளிசரைடு இறங்கியது. இரத்தக் குழாய்களின் விரிந்துகொடுக்கும் தன்மையிலும் சிறு முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் எதற்காக முதன்மையாக அந்தச் சோதனையை நடத்தினார்களோ, அந்தச் சிறுநீரக வடிகட்டும் திறனில் இரு குழுவினருக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை.

எனவே மீன் எண்ணெயை மாற்றுச் சிறுநீரகத்தின் காவலாக என்னால் பரிந்துரைக்க முடியாது. ட்ரைகிளிசரைடைக் குறைக்க உதவும் பொருளாக, இதயத்துக்கு ஓரளவு நன்மை தரக்கூடிய உணவாக அதைப் பாருங்கள். இப்படிச் சொல்வது அதைச் சிறுமைப்படுத்துவது ஆகாது. சிறுநீரகம் பெற்றவர்களில் கணிசமானோரைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு நாங்கள் இழப்பது சிறுநீரகம் கெட்டு அன்று. சிறுநீரகம் நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும்போதே மாரடைப்பாலோ பக்கவாதத்தாலோ இழக்கிறோம். நீண்டகாலக் கண்ணோட்டத்தில் உங்கள் இதயத்தைக் காப்பதும், அம்மா கொடுத்த சிறுநீரகத்தைக் காப்பதும் ஒரே வேலைதான்.

உங்கள் பழைய நோயைப் பற்றியும் ஒரு சொல். ஐ.ஜி.ஏ. நெஃப்ரோபதிக்கு மீன் எண்ணெய் நல்லது என்று நீங்கள் எங்கேனும் படித்திருந்தால், அது அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 1994இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்திருக்கும். 106 நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு நாளொன்றுக்கு 12 கிராம் மீன் எண்ணெய் வீதம் இரண்டு ஆண்டுகள் கொடுத்தபோது சிறுநீரகம் சீர்கெடும் வேகம் குறைந்தது. பின்னர் நடந்த சோதனைகள் அதனுடன் ஒத்துப்போகவில்லை. அது சொந்தச் சிறுநீரகத்தில் இருந்த நோய்க்கு நடத்திய ஆய்வு என்பதையும் மறக்க வேண்டாம். இந்த நோய் மாற்றுச் சிறுநீரகத்திலும் திரும்ப வரக்கூடியது. அதைத் தொடக்கத்திலேயே கண்டுபிடிக்க உதவுவது மாத்திரையைவிடச் சிறுநீரில் புரதமும் இரத்த அணுக்களும் இருக்கின்றனவா என்று ஒவ்வொரு முறையும் பார்க்கும் எளிய பரிசோதனைதான். உங்கள் கடிதத்தில் கிரியேட்டினின் இருக்கிறது, சிறுநீர்ப் புரதம் பற்றி ஒன்றுமில்லை. அடுத்த முறை அந்த எண்ணைக் கேட்டு வாங்கிக் குறித்து வையுங்கள்.

இனி அந்தப் புட்டிகள். காட் லிவர் ஆயில் புட்டியைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். அதை நீங்கள் சாப்பிட வேண்டாம். அது மீனின் ஈரலிலிருந்து எடுக்கும் எண்ணெய். ஒமேகா-3உடன் வைட்டமின் ஏ, வைட்டமின் டி இரண்டும் அதில் இருக்கின்றன. சிறுநீரகம் முழுத் திறனில் இல்லாதவர்களின் உடலில் வைட்டமின் ஏ தேங்கும் இயல்புடையது. அது மிகுந்தால் ஈரலையும் எலும்பையும் பாதிக்கும், இரத்தத்தில் கால்சியத்தையும் உயர்த்தும். மாற்றுச் சிறுநீரகம் நன்றாக உழைத்தாலும் உடலில் வேலை செய்வது ஒன்றே ஒன்றுதான், 1.3 என்ற கிரியேட்டினின் உங்களுக்கு நல்ல எண், ஆயினும் இரண்டு சிறுநீரகங்கள் உள்ளவரின் திறனுக்கு அது சமமாகாது. குழந்தைகளுக்குக் கொடுக்கும் மஞ்சள் உருண்டை மாத்திரைதானே என்று பலர் இதை எளிதாக நினைக்கிறார்கள். எலும்புக்கு வைட்டமின் டி தேவைப்பட்டால், இரத்தத்தில் அளவைப் பார்த்து அதை மட்டும் தனியாக மருத்துவர் தருவார்.

மற்றப் புட்டியில் 1000 மில்லிகிராம் என்று பெரிய எழுத்தில் இருப்பது எண்ணெயின் மொத்த எடை. பின்பக்கச் சிறிய எழுத்தைப் படித்துப் பாருங்கள்: கடையில் கிடைக்கும் சாதாரண மாத்திரையில் இ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120 என்று, இரண்டும் சேர்ந்து 300 மில்லிகிராம்தான் இருக்கும். ஆஸ்லோ சோதனையில் கொடுத்த அளவை எட்ட இப்படிப்பட்ட மாத்திரை நாளுக்கு ஒன்பது வேண்டும். ஒன்றிரண்டு மாத்திரையால் உங்கள் ட்ரைகிளிசரைடு இறங்கப் போவதில்லை. ஒன்பது மாத்திரையை யாரும் கேட்காமல் விழுங்கத் தொடங்குவதும் தவறு. அதிக அளவு ஒமேகா-3 எடுத்தவர்களுக்கு இதயம் ஒழுங்கற்றுத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற கோளாறு சற்றுக் கூடுதலாக வந்ததைப் பெரிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் போன்ற மருந்துகளும் சாப்பிடுகிறவர்களானால் இரத்தக் கசிவையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சிறுநீரகத்தில் ஊசி போட்டுத் திசு எடுக்கும் பயாப்ஸி திட்டமிட்டிருந்தால், மீன் எண்ணெய் சாப்பிடுவதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அதிக அளவில் இதயத்துக்கு நிச்சயமான பலனாவது உண்டா என்றால், அதிலும் ஆய்வுகள் இரண்டு பட்டு நிற்கின்றன. தூய இ.பி.ஏ.வை மட்டும் நாளுக்கு 4 கிராம் கொடுத்த ரெட்யூஸ்-இட் ஆய்வில், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மருந்தை எடுத்தும் ட்ரைகிளிசரைடு உயர்ந்தே இருந்த 8,179 பேரிடையே மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை கால் பங்கு குறைந்தன. இ.பி.ஏ., டி.எச்.ஏ. இரண்டையும் சேர்த்து அதே 4 கிராம் கொடுத்த ஸ்ட்ரெங்த் ஆய்வில் பலன் தெரியாததால் 2020இல் அதை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். இவை இரண்டும் மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களுக்காக நடத்தப்பட்டவை அல்ல. அவர்களுக்காகவே நடத்தப்பட்ட அலெர்ட் என்ற ஆய்வு வேறொரு மருந்தைப் பற்றியது: 2,102 பேருக்கு ஃப்ளூவாஸ்டாட்டின் கொடுத்துப் பார்த்ததில் மாரடைப்பும் இதய இறப்பும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. நீங்கள் எழுதிய மருந்துப் பட்டியலில் ஸ்டாட்டின் இல்லை. மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘மீன் எண்ணெய் சாப்பிடலாமா?’ என்பதாக அன்றி, ‘எனக்கு ஸ்டாட்டின் தேவையா?’ என்பதாக இருக்கட்டும்.

ட்ரைகிளிசரைடு 260 என்பது உயர்வுதான். ஆயினும் அச்சப்பட வேண்டிய எண் அன்று. 500ஐத் தாண்டினால் கணையம் வீங்கும் ஆபத்தை முன்னிட்டு உடனடி நடவடிக்கை எடுப்போம். மருந்துத் தரத்திலான ஒமேகா-3க்கு அங்கே தெளிவான இடம் இருக்கிறது. உங்கள் நிலையில் முதலில் பார்க்க வேண்டியவை வேறு. பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிற்றில் இருந்து எடுத்த இரத்தமா? தைராய்டு சரியாக இருக்கிறதா? பிரட்னிசோலோனும் டாக்ரோலிமஸும் சேர்ந்து சர்க்கரையை உயர்த்தத் தொடங்கியிருக்கின்றனவா? மாற்று அறுவைக்குப் பிறகு புதிதாகச் சர்க்கரை நோய் வருவது அடிக்கடி நடப்பது. உயர்ந்த ட்ரைகிளிசரைடு சில சமயம் அதற்கு முன்னறிவிப்பாக வருகிறது. அறுவைக்குப் பின் பசி திரும்பி, பல ஆண்டுக் கட்டுப்பாடு தளர்ந்து, சோறும் பரோட்டாவும் இனிப்பும் கூடியிருந்தால், அதைக் குறைப்பதே மாத்திரையைவிட விரைவாக எண்ணை இறக்கும்.

மீனே போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதும், நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவதும் அதைத்தான். வாரத்தில் இரண்டு மூன்று நாள் சாளை, அயிலை, நெத்திலி போன்ற சிறிய, கொழுப்புள்ள மீன்களை எடுத்துக்கொள்ளுங்கள். கொழுப்பேறிய பருவத்துச் சாளையில் 100 கிராமுக்கு ஏறத்தாழ ஒரு கிராமோ அதற்கு மேலோ இ.பி.ஏ., டி.எச்.ஏ. கிடைக்கும், புட்டியில் இருக்கும் மாத்திரை மூன்றுக்கும் மேல் அது. அத்துடன் நல்ல புரதமும் சேர்கிறது. விலை உயர்ந்த சீலாவில்தான் சத்து என்பதில்லை. சீலா, சுறா, பெரிய சூரை போன்ற வேட்டையாடும் பெருமீன்களின் உடலில் பாதரசம் கூடுதலாகச் சேர்ந்திருக்கும் என்பதால் அவற்றை எப்போதாவது மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எப்படிச் சமைக்கிறோம் என்பதும் முக்கியம். கொதிக்கும் சூரியகாந்தி எண்ணெயில் மொறுமொறுப்பாகப் பொரித்தெடுத்த மீனில் ஒமேகா-6 ஏறிவிடுகிறது. பொரித்த மீனைச் சாப்பிட்டவர்களிடம் இதயத்துக்கான நன்மையை ஆய்வுகள் காணவில்லை. குழம்பாகவோ, அவியலாகவோ, தோசைக்கல்லில் சிறிது எண்ணெய் விட்டுச் சுட்டோ சாப்பிடுங்கள். குழம்பில் உப்பைக் குறையுங்கள். உங்கள் 138/86ஐ 130/80க்குக் கீழே கொண்டுவருவது மாற்றுச் சிறுநீரகத்துக்கு நீங்கள் செய்யக்கூடிய பேருதவி. எல்லா உணவையும் சேர்த்து நாளுக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராம் உப்புக்குள் நிற்காமல் அது எளிதில் நடக்காது. கருவாட்டையும் மாசியையும் இந்தக் காரணத்துக்காகவே விலக்கச் சொல்கிறேன். தூத்துக்குடியில் இருப்பவரிடம் அப்படிச் சொல்வது எளிதன்று என்பதை அறிவேன். ஆனால் ஊறவைத்துக் கழுவினாலும் அவற்றின் உப்பு முழுமையாகப் போவதில்லை.

எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ எந்த மீனையும், சிப்பியையும், கடல் ஆளியையும் தொடக் கூடாது; சாதாரண மனிதருக்கு வயிற்றுப்போக்கோடு போகும் கிருமி உங்கள் இரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வயிற்றுப்போக்கு இரண்டு நாள் நீடித்தால் டாக்ரோலிமஸ் அளவு இரத்தத்தில் ஏறிவிடும் என்பதால் உடனே மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள். யூரிக் அமிலம் உயர்ந்திருந்தாலோ, மூட்டு வீங்கிச் சிவந்த அனுபவம் இருந்தாலோ, சாளைக்கும் நெத்திலிக்கும் அளவு வேண்டும். உடலில் யூரிக் அமிலமாக மாறும் ப்யூரின் என்ற பொருள் அவற்றில் அதிகம். மீன் சாப்பிடாத வாசகர்களுக்காக ஒன்று சேர்க்கிறேன்: ஆளி விதையிலும் வால்நட்டிலும் உள்ள ஒமேகா-3 வேறு வகை, உடல் அதில் மிகச் சிறு பகுதியைத்தான் இ.பி.ஏ.வாக மாற்றுகிறது. தேவை என்று மருத்துவர் கருதினால் பாசியிலிருந்து எடுக்கும் டி.எச்.ஏ. எண்ணெய் கிடைக்கிறது.

டாக்ரோலிமஸை எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. கொழுப்பு மிகுந்த உணவோடு சேர்ந்தால் அது சரியாக உறிஞ்சப்படுவதில்லை. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பாகவோ இரண்டு மணி நேரம் பின்பாகவோ, பன்னிரண்டு மணி நேர இடைவெளியில், தினமும் ஒரே மாதிரியாகச் சாப்பிடுங்கள். எண்ணெய் மாத்திரை எதையாவது மருத்துவர் அனுமதித்தால் அதை மதியச் சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். நான்கைந்து ஆண்டுகள் கடந்தவர்களிடம் நான் அதிகம் அஞ்சுவது மருந்து தவறுவதைத்தான். உடம்பு நன்றாக இருக்கிறதே என்ற தெம்பில் ஒரு வேளை, இரண்டு வேளை விட்டுப்போகிறது. வெளியே ஓர் அறிகுறியும் இல்லாமல், பொருத்திய சிறுநீரகத்துக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் இரத்தத்தில் உருவாகத் தொடங்குகின்றன. கிரியேட்டினின் ஏறி நமக்குத் தெரியும்போது சேதம் ஆழமாகியிருக்கிறது. டாக்ரோலிமஸைக் குறைக்கலாம் என்று தம்பி சொன்னது எனக்குக் கவலை அளித்ததற்குக் காரணம் இதுதான். அவரிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள், அவர் புரிந்துகொள்வார். உண்மையாகவே ஏதாவது அனுப்ப விரும்பினால், வீட்டிலேயே இரத்த அழுத்தம் பார்க்கும் நல்ல கருவி ஒன்றை அனுப்பச் சொல்லுங்கள்.

அம்மாவைப் பற்றி: ஒரு சிறுநீரகத்தோடு வாழும் அவருக்கும் காட் லிவர் ஆயில் வேண்டாம். நீங்கள் சாப்பிடும் அதே மீன் குழம்பு அவருக்கும் நல்லது. சிறுநீரகம் கொடுத்தவர்களில் பலர், பெற்றவரின் பரிசோதனைகளுக்கு மாதம் தவறாமல் உடன் வந்து, தங்களுக்கென்று ஒன்றும் பார்த்துக்கொள்ளாமலேயே இருந்துவிடுகிறார்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது அவருக்கு இரத்த அழுத்தம், கிரியேட்டினின், சர்க்கரை, சிறுநீரில் புரதம் நான்கையும் பார்க்க வேண்டும். மூட்டு வலிக்கென்று கடையில் வாங்கும் வலி மாத்திரைகளை அவரும் நீங்களும் அறவே தவிர்க்க வேண்டும். கடைசியாக அவருக்கு எப்போது பரிசோதனை செய்தீர்கள் என்பது நினைவில் இல்லையென்றால், உங்களுடைய அடுத்த வருகையின்போதே அவருக்கும் பதிவுச் சீட்டு போட்டுவிடுங்கள்.